பெரிலியம்: ஒரு பெயரின் கொங்குத் தடம்

1798 பிப்ரவரியில் பாரிஸ் நகரத்து வேதியியலாளர் நிக்கோலா லூயி வோக்லன், பெரில் என்னும் படிகக் கல்லைப் பகுத்துப் பார்த்ததில் அதுவரை யாரும் அறியாத ஒரு ‘மண்’ அதற்குள் இருப்பதாக அறிவித்தார். உலோக ஆக்சைடுகளை மண் என்று அழைத்த காலம் அது. அதே ஆண்டு லண்டனில், ராயல் சொசைட்டியின் ஆய்விதழில், சார்லஸ் கிரெவில் என்ற கனிமச் சேகரிப்பாளர் ஆசியாவிலிருந்து வந்த கொரண்டம் என்ற கல்லைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். வோக்லன் கண்ட மண்ணிலிருந்து பின்னாளில் பிரித்தெடுத்த தனிமம்தான் பெரிலியம். கிரெவில் எழுதிய கொரண்டத்தின் நிற வேறுபாடுகளே மாணிக்கமும் நீலக்கல்லும்.

இரண்டு பெயர்களும் அசல் இலத்தீன் போலவே ஒலிக்கின்றன. வேதியியல் வகுப்பில் இவற்றைக் கேட்கும் மாணவர் சோடியம், அலுமினியம் வரிசையில் இவற்றையும் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் இலத்தீன் ஒரு பெயருக்கு வழிச்சத்திரம் மட்டுமே. மற்றொன்றுக்கு அதுவும் இல்லை, வெறும் ஒலி ஒற்றுமைதான். இரண்டின் தடத்தையும் பின்தொடர்ந்தால் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்கிறோம். கல் கிடைத்த இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் காங்கயத்துக்கும் நொய்யலுக்கும் பரமத்திக்குமே வருகிறோம்.

ஆங்கில அறிவியல் சொற்களுக்கு வேர் தேடுகிறவர்களின் வழக்கமான பாதை இலத்தீனுக்கோ கிரேக்கத்துக்கோ போய், அங்கிருந்து முந்து இந்தோ-ஐரோப்பியத்தில் முடியும். எழுத்தில் எங்குமே கிடைக்காத அந்த மூலமொழியை அதன் வழிவந்த மொழிகளின் ஒலிகளை ஒப்பிட்டு மீட்டிருக்கிறார்கள். தந்தைக்கு இலத்தீனில் ‘பாட்டெர்’, கிரேக்கத்தில் ‘பதேர்’, சமஸ்கிருதத்தில் ‘பிதர்’. ஆங்கிலத்தில் மட்டும் ‘ஃபாதர்’. அந்த ‘ஃப’ தற்செயல் அல்ல. இலத்தீன், கிரேக்க, சமஸ்கிருதச் சொற்களின் தொடக்கத்தில் ‘ப’ வருகிற இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ‘ஃப’ வருவது பல சொற்களில் திரும்பத் திரும்பக் காணும் ஒழுங்கு. இந்த ஒழுங்குக்குள் வராத சொல், கேட்க எவ்வளவு ஒத்திருந்தாலும், இரவல் சொல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரில் அப்படிப்பட்ட சொல். அதற்கு இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று இருப்பதுபோல் தோன்றி, உற்றுப் பார்த்தால் கலைந்துபோவதுதான் இந்தச் சொல்லின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி.

ஆங்கிலத்துக்குப் பெரில் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சுக்கு இலத்தீன் ‘பெரில்லுஸ்’ தந்தது, இலத்தீனுக்குக் கிரேக்க ‘பேருல்லோஸ்’. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, யாத்திராகமத்தில் தலைமைக் குருவின் மார்புப் பதக்கத்துக் கற்களில் ஒன்றுக்கு ‘பேருல்லியோன்’ என்ற சொல்லைப் போட்டார்கள். இன்றைய தனிமத்தின் பெயருக்கு ஏறக்குறைய இதே ஒலி. ஆக, அந்தக் காலத்திலேயே கல்லும் பெயரும் மத்தியதரைக் கடல்வரை போய்ச் சேர்ந்திருந்தன. கிரேக்கத்துக்குள் இச்சொல்லுக்கு வேரோ உறவுச் சொற்களோ கிடையாது. இந்தியப் பிராகிருதத்தில் இருக்கிறது. பாலியில் ‘வேளுரிய’, சமணப் பிராகிருதத்தில் ‘வேருலிய’. பின்னதில் ‘ள’கரமும் ‘ர’கரமும் இடம் மாறியிருக்கின்றன, கிரேக்க வடிவம் இந்த மாறிய ஒலிப்பைத்தான் அப்படியே காட்டுகிறது. கிரேக்கத்தில் அன்று ‘வ’ ஒலி வழக்கொழிந்திருந்ததால் அது ‘ப’ ஆயிற்று.

சமஸ்கிருதத்தில் இந்தக் கல் ‘வைதூர்யம்’. பாணினி இதற்கு விதியே தருகிறார்: விதூரம் என்ற இடத்துப் பெயரிலிருந்து வைதூர்யம். ‘விதூர’ என்றால் தொலைதூரம். ‘தூர’ என்பதற்கு நல்ல இந்தோ-ஐரோப்பிய வேர் உண்டு. எனவே பாணினியை அப்படியே ஏற்றுக்கொண்டால் பெரிலியத்தின் வம்சாவளி முந்து இந்தோ-ஐரோப்பியத்தில் அழகாக முடிந்துவிடும்.

ஆனால் பழைய இலக்கணிகளுக்கே இதில் சங்கடம் இருந்தது. அந்தக் கல் கிடைப்பது வாலவாயம் என்ற மலையில். விதூரத்தில் அதைப் பட்டை தீட்டத்தான் செய்கிறார்கள். அப்படியிருக்க விதூரத்தின் பெயர் கல்லுக்கு எப்படி வரும்? பதஞ்சலியின் மகாபாஷ்யம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை எடுத்துப் பேசுகிறது. வணிகர்கள் வாரணாசியைத் தங்களுக்குள் ஜித்வரீ என்று அழைப்பதுபோல, இலக்கணிகள் வாலவாயத்தை விதூரம் என்று அழைத்திருக்கலாம் என்பது அது சொல்லும் சமாதானங்களில் ஒன்று. கல் எங்கே விளைகிறது, எங்கே தீட்டப்படுகிறது என்ற வேறுபாட்டை ஓர் இலக்கண நூல் இவ்வளவு கவனமாகப் பதிந்துவைத்திருப்பது நம் அதிர்ஷ்டம். வடநாட்டு அறிஞர்களுக்கு இது வெளியூர்ச் சரக்கு, பெயரும் அவர்களுக்குப் பிடிபடாத பெயர் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஒலியியல் இன்னும் கறாரான சாட்சி. பாலியில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ‘ள’கரம் பொதுவாக நாவளை ‘ட’கரத்துக்கு ஈடாக நிற்பது. விதூரத்தில் இருப்பதோ பல்லொலித் ‘த’கரம். ‘தூர’ பிராகிருதத்தில் ‘தூர’வாகவே நிற்கும், அது ‘ளுர’ ஆவதற்கு விதி இல்லை. சமஸ்கிருத நூல்களிலேயே ‘வைடூர்யம்’ என்று நாவளை ஒலியுடன் மற்றொரு வடிவமும் வழங்குகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுதான் தெளிகிறது. மக்கள் பேச்சில் ‘வேளுரிய’ என்று புழங்கிய ஒரு சொல்லுக்குப் பண்டிதர்கள் பிற்பாடு சமஸ்கிருத உடை தைத்து, அந்த உடைக்குப் பொருத்தமாக ‘விதூர’ என்ற பொருளையும் கற்பித்தார்கள்.

அந்த ‘வேளுரிய’ எங்கிருந்து வந்தது? மொழியியலாளர்கள் பலர் திராவிடத்தைக் காட்டுகிறார்கள். ஒரு சாரார், வெண்மையையும் வெளிறிய தன்மையையும் குறிக்கும் ‘வெள்’ என்ற அடியைச் சொல்கிறார்கள். தமிழில் வெள்ளை, வெளிறு, வெளிர் எல்லாம் அதன் கிளைகள். பெரிலின் இயல்பான நிறம் வெளிர் பச்சை, வெளிர் நீலம். பொருள் நன்றாகவே பொருந்துகிறது. பாலி ‘வே’ நெடிலாக இருப்பதும் தடையில்லை. பிராகிருதத்தில் இந்த இடத்தில் எகரக் குறில் நிற்காது, ஆகவே தமிழ்க் குறில் அங்கே போனால் நெடிலாகத்தான் ஒலிக்கும். இன்னொரு சாரார் வேளூர் அல்லது பேளூர் என்ற ஊர்ப்பெயரைச் சொல்கிறார்கள். ஆங்கில அகராதிகளில் கர்நாடகத்துப் பேலூர் அடிக்கடி இடம்பெறுவது இதனால்தான்.

இந்த ஊர்ப்பெயர் ஆட்டத்தில் இறங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ரோமக் காசுகள் குவியலாகக் கிடைத்த வெள்ளலூர் கோயம்புத்தூருக்கு அருகிலேயே இருக்கிறது. காவிரிக் கரையில் பரமத்தி வேலூர் இருக்கிறது. ஆசைப்பட்டால் எதையும் பொருத்திவிடலாம். தென்னாட்டில் இப்படி ஒலிக்கும் ஊர்கள் எத்தனையோ இருக்கும்போது, ஒன்றைத் தேர்ந்து நிறுத்த ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு சான்று வேண்டும். திராவிட மூலம் என்ற பொது முடிவு வலுவானது. ‘வெள்’ என்ற அடி ஏற்கத்தக்க ஊகம். குறிப்பிட்ட ஊர் என்பது இன்றைய நிலையில் விருப்பம் மட்டுமே.

ஊர்ப்பெயர் தராத சான்றை மண் தருகிறது. காங்கயத்திலிருந்து திருப்பூர் போகிற சாலையில் படியூர் இருக்கிறது. கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல் வளர்த்து, வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்க மாடு மேயும் கொறங்காடுகளின் நாடு இது. நெல்லுக்கு உதவாத இந்த வறண்ட மண்ணுக்கு அடியில் பழமையான உருமாற்றப் பாறைகளும், அவற்றை ஊடறுத்து ஓடும் பெக்மடைட் நாளங்களும் கிடக்கின்றன. உருகிய பாறைக் குழம்பின் கடைசி மிச்சம் மெல்லக் குளிர்ந்து உறைவதால் உண்டாகும் நாளங்கள் இவை. மற்ற கனிமங்களில் இடம் கிடைக்காத பெரிலியம் போன்ற அரிய தனிமங்கள் இந்த மிச்சத்தில்தான் சேர்கின்றன. நாளத்தில் வெள்ளைக் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மண்டியிருக்க, நடுவே ஆறு பட்டை கொண்ட கோல் வடிவில் பெரில் வளர்கிறது. பட்டைகளின் மேல் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும். சிறிதளவு இரும்பு கலந்தால் கடல்நீர் நிறம். வணிகர்கள் அக்வாமரின் என்பது அதைத்தான். குரோமியமோ வனேடியமோ கலந்தால் மரகதம்.

படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பெரில் சுரங்கம் நடத்தினார். பின்னர் நியூபோல்டு என்ற படை அதிகாரி, புவியியலில் ஈடுபாடு கொண்டவர், படியூர்ச் சுரங்கத்தையும் அங்கே பெரில் கிடைக்கும் பாறையின் அமைப்பையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். காங்கயத்திலும் கரூரிலும் கல் வெட்டிப் பட்டை தீட்டும் தொழில் நம் காலம்வரை நீடித்திருக்கிறது.

படியூருக்கு வடக்கே, நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்துக்குள் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணம் என்று பாடிய ஊர் இதுவே என்பது ஆய்வாளர்களின் முடிவு; அவர்கள் பாடலில் அது அருங்கலங்களுக்குப் பேர்போன ஊர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும், மாநிலத் தொல்லியல் துறையும் இங்கே அகழ்ந்திருக்கின்றன. எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரின் பெயர்கள் இந்த அகழாய்வோடு பிரிக்க முடியாதபடி இணைந்தவை. பெரில், நீலக்கல், குவார்ட்ஸ், அகேட், கார்னீலியன் கற்களில் மணிகள் கிடைத்தன. பயன்படுத்தி முடித்த நகைகள் மட்டும் கிடைத்திருந்தால் அவை எங்கிருந்தோ வந்தவை என்று தள்ளிவிடலாம். இங்கே மூலக்கல் கிடைத்தது, செதுக்கும்போது தெறித்த சில்லு கிடைத்தது, பாதி தீட்டிய மணியும், துளையிட்டு முடித்த மணியும் கிடைத்தன. தொழிற்கூடத்துக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

மொழி ஆய்வுக்கு மணிகளைவிட மண்கல ஓடுகள் முக்கியமானவை. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் கொடுமணலில் ஐந்நூற்றுக்கும் மேல் கிடைத்துள்ளன. அவற்றில் தமிழ்ப் பெயர்களோடு சுமணன், விஸாகி போன்ற பிராகிருதப் பெயர்களும் கலந்து வருகின்றன. வணிகர் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற பிராகிருதச் சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. பெரில் தீட்டிய அதே ஊரில், அதே நூற்றாண்டுகளில், பிராகிருதம் பேசிய வணிகர்கள் தங்கிப் புழங்கினார்கள் என்பதற்கு இது நேர்ச்சான்று. தென்னாட்டுக் கல்லின் பெயர் பிராகிருத வாய்க்குள் எப்படிப் போயிருக்க முடியும் என்ற கேள்விக்கு வேறெங்கும் இவ்வளவு தெளிவான பின்னணி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ‘வேளுரிய’ பிறந்த இடம் கொடுமணல் என்று நான் சொல்லவரவில்லை. அது எப்படிப்பட்ட சந்தையில் பிறந்திருக்கும் என்பதை இந்த ஊர் காட்டுகிறது.

அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரைக்கும் முசிறிக்கும் போவது எளிது. சரக்குக்கு ஈடாக வந்தது வழி நெடுகக் கிடைத்திருக்கிறது. 1842-இல் வெள்ளலூரில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. அந்த ஊரில் பின்னரும் காசுகள் கிடைத்தன. பொள்ளாச்சி, கரூர் பக்கங்களிலும் கிடைத்தன. கிரேக்கப் புவியியலாளர் தாலமி 2-ஆம் நூற்றாண்டில் தென்னாட்டின் உள்நாட்டு ஊர்களைப் பட்டியலிடும்போது, பெரில் கிடைக்கும் இடமாகப் புன்னாடு என்று இன்று அடையாளம் காணப்படும் ஊரைச் சொல்கிறார். அது கபினிக் கரை, கொங்குக்கு அண்டை நிலம்.

கி.பி. 79-இல் இறந்த ரோம அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலின் 37-ஆம் பகுதியில் பெரிலைப் பற்றி எழுதியிருப்பதைக் கொங்குக்காரர் ஒருவர் படித்தால் சொந்த ஊர்ச் செய்தி போலவே இருக்கும். பெரில் இந்தியாவில் விளைவது, வேறிடங்களில் அரிது என்கிறார். கடல்நீரின் தூய பச்சை கொண்டதே உயர்ந்தது என்கிறார். இந்தியர்களுக்கு நீண்ட பெரில்களில்தான் மோகம், பொன்னில் பதிக்காமல் துளையிட்டு யானை முடியில் கோத்து அணிவதே அதற்கு அழகு என்று கருதுகிறார்கள் என்கிறார். படிகக் கல்லுக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்வதிலும் இந்தியர்கள் கைதேர்ந்தவர்கள் என்ற புகாரும் உண்டு. நடுவே ஒரு வரியில், பெரிலும் மரகதமும் ஒரே இயல்புடையவை என்று பலர் கருதுவதாகச் சொல்லிப்போகிறார்.

அந்த ஒரு வரியை நிரூபிக்க 1,700 ஆண்டுகள் ஆயின. படிகவியலாளர் ரெனே ஜுஸ்ட் ஹாயுயி, பெரில் படிகமும் மரகதப் படிகமும் வடிவத்தில் ஒன்றே என்று கண்டு, இரண்டின் வேதிக்கூறும் ஒன்றுதானா என்று பார்க்கும்படி வோக்லனைக் கேட்டார். ஒன்றுதான், நிறமூட்டும் சிறு கலப்பில்தான் வேறுபாடு. அந்த ஆய்வில் அகப்பட்டதுதான் புதிய மண். அதன் உப்புகள் நாவில் இனித்தன. வோக்லனின் கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியர்கள், ‘குளுகுஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குக் குளுசின் என்று பெயரிட்டார்கள். குளுக்கோஸில் இருப்பதும் இதே சொல். (பெரிலியமும் அதன் சேர்மங்களும் நுரையீரலை அழிக்கும் நஞ்சு என்று தெரியவந்தது மிகப் பின்னால். அன்றைய வேதியியலாளர்கள் எதையும் நாவில் வைத்துப் பார்த்தார்கள்.)

ஆக, ஒரே தனிமத்துக்கு இரண்டு பெயர்கள் போட்டியிட்டன. குளுசினியம் என்ற பெயரின் ‘குளுகுஸ்’ஸை இனிமையைக் குறிக்கும் இலத்தீன் ‘துல்கிஸ்’ஸோடு இணைத்து, இரண்டுக்கும் ஒரு முந்து இந்தோ-ஐரோப்பிய வேரைப் பலர் காட்டுகிறார்கள். எதிரே நின்றது தென்னாட்டு வேர் கொண்ட பெரில். பெர்லின் வேதியியலாளர் கிளாப்ரோத், வேறு சில மண்களும் இனிக்கின்றனவே என்று மறுத்து, கல்லின் பெயரையே வைக்கச் சொன்னார். 1828-இல் வோலரும் பூசியும் தனித்தனியே உலோகத்தைப் பிரித்தார்கள். வோலர் பெரிலியம் என்றார். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் குளுசினியத்தை விடாமல் 20-ஆம் நூற்றாண்டுவரை பிடித்திருந்தார்கள். 1949-இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் பெரிலியத்தைத் தேர்ந்ததும் வழக்கு முடிந்தது. அதற்கு முன்பே, 1932-இல், ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தது பெரிலியத்தின் மேல் ஆல்ஃபா துகள்களை மோதவைத்துத்தான். 2021 டிசம்பரில் விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடியில் இருக்கும் 18 துண்டுகளும் பெரிலியத்தால் ஆனவை.

ஐரோப்பாவின் அன்றாடப் பேச்சிலும் இந்தச் சொல் வேர்விட்டது. இடைக்காலத்தில் தெளிந்த கற்களைத் தேய்த்து எழுத்தைப் பெரிதாக்கும் வில்லை செய்தார்கள். அந்த வில்லைக்குப் பெரிலின் பெயர் வந்தது. மூக்குக்கண்ணாடிக்கு ஜெர்மானியர் இன்றும் சொல்லும் ‘பிரில்லெ’ அதன் வழி வந்தது.

தமிழுக்குள் நடந்தது வேறு கதை. ‘வேளுரிய’வின் மூல வடிவம் எதுவோ அது நம் இலக்கியத்தில் நிற்கவில்லை. நம் நூல்களில் கல் வைதூரியமாக, வைடூரியமாக, வடமொழி உடையிலேயே திரும்பி வருகிறது. பொருளும் மாறிவிட்டது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவை விரிக்கும் இடத்தில், உரையாசிரியர்கள் வைடூரியம் என்று கொள்ளும் கல் தெளிந்த தேனின் நிறம் கொண்டது. இன்றைய நகைக்கடையில் வைடூரியம் என்று கேட்டால் நவரத்தினத்தில் கேதுவுக்குரிய பூனைக்கண் கல்லைத்தான் எடுத்து வைப்பார்கள். அது கிரிசோபெரில், வேறு கனிமம். படியூர்க் கல்லைக் காட்டினால் அக்வாமரின் என்பார்கள்.

கொரண்டம் இவ்வளவு சுற்றவில்லை. 1792-இல் திப்புவுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் சேலம் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. கோயம்புத்தூர் 1799 வரை திப்புவிடமே இருந்தது. சேலம் சீமையைச் சேர்ந்த பரமத்தி, கிரெவிலின் 1798 கட்டுரையில் கல் கிடைக்கும் இடமாக ‘பெர்மெட்டி’ என்று வருவதற்குக் காரணம் இந்த அரசியல் எல்லையாக இருக்கலாம். காங்கயத்தை ஒட்டிய சிவன்மலையின் கொரண்டப் பாறைகளைப் புவியியல் ஆய்வுத்துறையின் டி. எச். ஹாலண்டு விரிவாக எழுதி வெளியிட 1901 ஆயிற்று.

அகராதிகள் கொரண்டத்துக்குத் தமிழ்க் குருந்தத்தை மூலமாகத் தருகின்றன. ‘-அம்’ ஈறு ஐரோப்பியக் காதில் இலத்தீன் ‘-உம்’ போல விழுந்ததால் பெயரை மாற்றவே தேவைப்படவில்லை. ஆனாலும் முழு உரிமையும் தமிழுக்கு என்று எழுதிவிட முடியாது. கிரெவிலுக்கு முன்பே, 1720களில் வெளிவந்த ஜான் உட்வர்டின் கனிமப் பட்டியலில் இந்தக் கல் இருக்கிறது. வயல் எலிகள் வளை தோண்டும்போது மேலே தள்ளுவது, இரும்பை மெருகேற்ற உதவுவது என்ற குறிப்புடன். அங்கே பெயர் ‘நெல்ல கொரிவிந்தம்’. முன்னொட்டைத் தெலுங்கு ‘நல்ல’, அதாவது கருப்பு, என்று படிக்கலாம். பின்சொல் தெலுங்குக் குருவிந்தம். சமஸ்கிருதத்திலும் குருவிந்தம் மாணிக்க வகை. எது எதற்குத் தந்தது என்பது தீரவில்லை. ‘குரு’ என்றால் நிறம் என்று தொல்காப்பியம் சொல்வது திராவிட வேருக்குத் துணைநிற்கிறது. அது ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. உறுதியானது புழக்கம். குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்ததுதான் நம் பழைய சாணை. கத்திக்கும் மணிக்கும் அதே சாணை. கிரெவிலின் கைக்குப் போனது இந்தச் சாணைக்காரர்களின் கல்லும் அவர்கள் வாய்ச்சொல்லும்.

பெரிலின் வழக்கில் அப்படிப்பட்ட வாய்ச்சொல்தான் வேண்டியிருக்கிறது. கொடுமணல் ஓடுகளில் பெரும்பாலானவை ஆட்பெயர்கள். கல்லின் பெயரையோ கல் வைத்த கலத்தின் பெயரையோ சொல்லும் ஓர் ஓடு கிடைத்தால், ‘வெள்’ளா ஊர்ப்பெயரா என்ற விவாதத்துக்கு நேரடிச் சாட்சி வந்துவிடும். அந்த மேட்டின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் இருக்கிறது.